முதல் பிரேக்கா, இருபதாவது பிரேக்கா? வேகமாக ஓட்டுபவர்களுக்கான பேடு, டிஸ்க் தேர்வு

பிரேக்கை அப்கிரேடு செய்ய வேண்டும் என்று வருபவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்களைக் கைவிட்டது எந்த பிரேக்? காலையில் தெருமுனையில் அடித்த முதல் பிரேக்கா, மலை இறங்கும்போது அடித்த இருபதாவது பிரேக்கா? இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷமாகக்கூட முடியலாம். பெரும்பாலான உதிரிபாகக் கடைகளில் இந்தக் கேள்வி வருவதில்லை. துளை போட்ட, கோடு கீறிய, பளபளக்கும் டிஸ்க்தான் முதலில் மேஜைக்கு வருகிறது.

எந்தச் செலவு உண்மையில் பலன் தருகிறது என்று பார்க்க, முன்னால் வென்டிலேட்டட் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள ஒரு டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டேன். நம்மூரில் வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர்களிடம் அதிகம் இருப்பது இந்த வகைதான். டயரையும் காலிப்பரையும் தொடவில்லை. நான்கு வகை பேடுகளும் மூன்று வகை டிஸ்க்குகளும் மாறி மாறி ஏறி இறங்கின. குளிர்ந்த பிரேக்குக்கு சேலம் நகரத்துக் காலை நெரிசல், சூடான பிரேக்குக்குக் கொல்லிமலை இறக்கம், எல்லையைத் தொட்டுப் பார்க்க கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. பொதுச்சாலையில் செய்யக்கூடாத சோதனைகள் எல்லாம் டிராக்கில் மட்டும்தான் நடந்தன.

வெப்பக் கணக்கு

பிரேக் வண்டியை நிறுத்துவது, ஓடும் வேகத்தை வெப்பமாக மாற்றித்தான். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 460 கிலோஜூல். 50 கி.மீ. வேகத்தில் அதில் பாதி இருக்கும் என்று தோன்றும். இருப்பது கால்வாசிதான், சுமார் 115. வேகம் இரட்டித்தால் பிரேக்கின் வேலை நான்கு மடங்காகிறது. ஊருக்குள் அற்புதமாகப் பிடிக்கும் பிரேக், நான்குவழிச் சாலையில் திடீரென்று வேறு பிரேக் போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இந்த 460 கிலோஜூலில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் சக்கரங்களில் போய் விழுகிறது. ஒவ்வொரு முன் டிஸ்க்கும் 5 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், 100-லிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தும்போது டிஸ்க்கின் சூடு சுமார் 70 டிகிரி ஏறும். ஒரு முறை என்றால் கவலையில்லை. ஆற நேரம் கொடுக்காமல் ஐந்தாறு முறை அடித்தால் 400 டிகிரியை எட்டிப் பார்க்கலாம். சாதாரண ஆர்கானிக் பேடின் பிடி தளரத் தொடங்குவது அதற்கும் முன்பே.

இப்போது மலை. கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்துக்கும் மேலே உள்ள சோளக்காட்டுக்கும் இடையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வித்தியாசம். அதே 1,200 கிலோ காரை அந்த உயரத்திலிருந்து கீழே கொண்டுவர, சுமார் 11,800 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம் அது. ஒரு பங்கை டயர் உருளும் தடையும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். வேறு ஆள் கிடையாது. மெதுவாகத்தானே இறங்கினேன் என்று சொல்பவர்களின் சக்கரத்திலும் புகை வருவது இதனால்தான். வேகம் குறைந்தாலும் உயரம் குறைவதில்லை.

நான்கு புகார்கள்

மெக்கானிக்குகளிடம் வரும் பிரேக் புகார்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது: “அழுத்தினா ஏபிஎஸ் கால்ல துடிக்குது, ஆனா வண்டி நிக்கல.” ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றால், டயர் தாங்கும் அளவுக்கு மேல் பிரேக் ஏற்கெனவே பிடித்துவிட்டது என்று அர்த்தம். உலகத்திலேயே விலை உயர்ந்த பேடைப் போட்டாலும் இந்தத் தூரம் ஓர் அடிகூடக் குறையாது. பணம் டயருக்குப் போக வேண்டும்.

இரண்டாவது: பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் பிடி இல்லை, எரிந்த வாடை வருகிறது. இது பேடு ஃபேடு. பேடில் உள்ள பிசின் சூட்டில் இளகி வாயு விடுகிறது, உராய்வு விழுகிறது. பேடை மாற்றிப் பலன் பார்க்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது: பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, இரண்டு முறை அடித்தால்தான் மேலே வருகிறது. பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தம் ஆவியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். நான்கில் இதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. தீர்க்க ஆகும் செலவு குறைவானதும் இதற்குத்தான்.

நான்காவது: 80-க்கு மேல் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. உடனே வரும் தீர்ப்பு, “டிஸ்க் வளைஞ்சு போச்சு.” பெரும்பாலும் வளைந்திருக்காது. பந்தயப் பொறியாளரும் நூலாசிரியருமான கேரல் ஸ்மித் இந்த நம்பிக்கையை மறுத்து ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் திட்டுத்திட்டாக ஒட்டி, தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதுதான் பல நேரங்களில் காரணம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே ஸ்டீயரிங்கில் தெரிய ஆரம்பித்துவிடும்.

பேடின் விளிம்பைப் படிக்கப் பழகுங்கள்

பேடின் ஓரத்தில் எண்களும் எழுத்துகளுமாக ஒரு வரி அச்சாகியிருக்கும். அதில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும்: இஇ, எஃப்எஃப், ஜிஜி என்பது போல. எஸ்ஏஇ ஜே866 என்ற தரநிலைப்படி, முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வெண், இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் உள்ள உராய்வெண். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை. எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.45 முதல் 0.55. இஎஃப் என்று இருந்தால் சூடேறினால் பிடி கூடும். எஃப்இ என்று இருந்தால் சூடேறினால் பிடி குறையும். மலைப்பாதைக்காரர்கள் எஃப்இ பேடைத் தொடவே கூடாது.

இந்த எழுத்துகளை மட்டும் நம்பியும் வாங்கிவிட முடியாது. சோதிப்பது பேடிலிருந்து வெட்டிய சிறு துண்டைத்தான், முழு பிரேக்கை அல்ல. ஒரே எஃப்எஃப் போட்ட இரண்டு பேடுகள் காலுக்கு வேறு வேறாகத் தெரியும். ஆனாலும் கடையில் பெட்டியின்மேல் உள்ள படத்தைப் பார்ப்பதைவிட இந்த இரண்டு எழுத்தைப் பார்ப்பது மேல்.

ஐரோப்பியத் தயாரிப்பு என்றால் இசிஇ ஆர்90 சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாத மாற்று பேடுகளுக்குத்தான் அது கிடைக்கும். முழு ரேஸ் பேடுகளில் பெரும்பாலும் இருக்காது. சாலைக்கு ஏற்றதா, டிராக்குக்கு ஏற்றதா என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

பேடு ஒன்று: கம்பெனி ஆர்கானிக்

பிரேக் தயாரிப்பில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-ல் வந்த ரானே பிரேக் லைனிங், 1974-ல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் மூன்றும் இங்கிருந்து வந்தவைதான். கம்பெனி பேடு என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

குளிர்ந்த பிரேக்கில் கம்பெனி பேடை வேறு எதுவும் ஜெயிக்கவில்லை. ஊருக்குள் ஆட்டோ குறுக்கே வெட்டும்போது, கால் பட்டதும் பிடிக்கிறது. சத்தம் இல்லை. டிஸ்க்கையும் அதிகம் தின்பதில்லை. கொல்லிமலையில் இரண்டாவது கியரில் இறங்கியபோது கடைசி வளைவு வரை ஒழுங்காக வந்தது. மூன்றாவது கியரில், வளைவுக்கு வளைவு கடைசி நேரத்தில் அழுத்தி இறங்கியபோதுதான் பாதி மலையில் வாடை வந்தது, பெடலுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. டிராக்கில் சில சுற்றுகளிலேயே மூச்சு வாங்கியது.

பிளஸ்: முதல் பிரேக், அமைதி, விலை. மைனஸ்: சூடு தாங்காது.

பேடு இரண்டு: செராமிக்

செராமிக் என்றதும் சூப்பர் காரின் கார்பன்-செராமிக் டிஸ்க்கோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இது சாதாரண இரும்பு டிஸ்க்கில் ஓடும், செராமிக் இழைகள் கலந்த பேடு. அலாய் வீல் கறுக்காமல் இருப்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. துடைத்து வைத்த வீல் பல நாள் அப்படியே இருந்தது. பெடலின் உணர்வு சீராக இருந்தது. லேசாக மிதித்தால் லேசாக, அழுத்தினால் அழுத்தமாக.

மலை இறக்கத்தில் கம்பெனி பேடைவிட ஒரு படி மேல். ஆனால் ‘வெடுக்’கென்ற முதல் கடி கொஞ்சம் குறைவு. டிராக்கில் இதுவும் தோற்றது, சற்றுத் தாமதமாக. வேகமாக ஓட்டுபவருக்கு என்று விற்கப்பட்டாலும், உண்மையில் இது சுத்தமாக வைத்திருப்பவருக்கான பேடு.

பிளஸ்: தூசி இல்லை, சத்தம் இல்லை. மைனஸ்: கொடுக்கும் காசுக்குப் பிடியில் பெரிய மாற்றம் இல்லை.

பேடு மூன்று: சாலைக்கான செமி-மெட்டாலிக் பெர்ஃபார்மன்ஸ் பேடு

எஃகு நாரும் இரும்புத் தூளும் அதிகம் கலந்த வகை. உலோகம் வெப்பத்தைக் கடத்தும்; அதனால் சூட்டில் நிலைத்து நிற்கும். இபிசி நிறுவனத்தின் பச்சை, சிவப்பு, மஞ்சள் பேடு வரிசையில் மஞ்சள் இந்தப் பயன்பாட்டுக்கு அருகில் வரும். வேகமான சாலை ஓட்டத்துக்கும் டிராக்குக்கும் சேர்த்து விற்கப்படுவது அது. ஃபெரோடோவின் டிஎஸ்2500 இன்னொரு பிரபலமான பெயர். சராசரி உராய்வெண் 0.42 என்றும், 20 முதல் 500 டிகிரி வரை வேலை செய்யும் என்றும் அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். அந்த 20 என்ற தொடக்க எண்தான் நமக்கு முக்கியம், 500 அல்ல.

நான் போட்ட செமி-மெட்டாலிக் செட், காலை முதல் பிரேக்கில் கம்பெனி பேடுக்கு ஒரு நூல் பின்னால் நின்றது. இரண்டு சிக்னல் தாண்டியதும் அந்த வித்தியாசமும் போய்விட்டது. கொல்லிமலையில் கம்பெனி பேடு வாடை விட்ட அதே ஓட்டத்தில், கடைசி வளைவிலும் முதல் வளைவின் பெடலே கிடைத்தது. அப்கிரேடு என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நிற்கும் தூரம் குறைவது அல்ல பலன். அதே தூரத்தில் மீண்டும் மீண்டும் நிற்பதுதான்.

விலையும் உண்டு. குளிர் காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது கீச்சிடும். முன் வீல் ஒரு வாரத்தில் கறுத்துவிடும். டிஸ்க் சற்று வேகமாகத் தேயும்.

பிளஸ்: இருபதாவது பிரேக். மைனஸ்: தூசி, கீச்சு.

பேடு நான்கு: டிராக் பேடு

சூடேறிய பிறகு இதன் பிடி அபாரம். கரி ஸ்பீட்வேயில் மற்ற மூன்றும் தளர்ந்த இடத்தில் இது அப்போதுதான் விழித்துக்கொண்டது. அதே பேடோடு காலையில் ஊருக்குள் போனால் கதை தலைகீழ். முதல் சிக்னலில் இருமடங்கு அழுத்த வேண்டியிருந்தது. டவுன் பஸ் மாதிரி கிறீச்சிட்டது. குளிர்ந்த நிலையில் டிஸ்க்கை உரசித் தின்றது. 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறோம். சூடாகட்டும் என்று காத்திருக்க சாலையில் நேரம் கிடையாது. பள்ளிப் பிள்ளை குறுக்கே ஓடிவரும்போது கிடைப்பது முதல் பிரேக் மட்டும்தான்.

பிளஸ்: டிராக்கில் எல்லாம். மைனஸ்: சாலையில் எல்லாம்.

டிஸ்க்: அழகுக்கும் வேலைக்கும் உள்ள தூரம்

துளை போட்ட டிஸ்க், கோடு கீறிய டிஸ்க், சாதா டிஸ்க் மூன்றையும் ஒரே செமி-மெட்டாலிக் பேடோடு போட்டுப் பார்த்ததில், கொல்லிமலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு மிதித்தால் எது எது என்று சொல்ல முடியாது. காதை வைத்துச் சொல்லலாம். கோடு கீறியது வேகத்திலிருந்து பிடிக்கும்போது மெல்ல ‘உர்ர்’ என்றது.

பழைய கால பேடுகள் சூட்டில் நிறைய வாயு விட்டன. அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தை போட்டது. அது தப்பிப் போகத்தான் துளை. இன்றைய பேடுகளில் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. துளை போட்டால் இரும்பு குறைகிறது. இரும்பு குறைந்தால் சூட்டை வாங்கி வைக்கும் திறன் குறைகிறது. நாம் எதற்காக டிஸ்க் மாற்றுகிறோமோ அதற்கே எதிரான வேலை. மேலும் விரிசல் துளையின் ஓரத்திலிருந்துதான் கிளம்பும். மலிவான துளை டிஸ்க்குகள் சாதா டிஸ்க்கையே வாங்கி ஓட்டை போட்டு விற்பவை. மழையில் துளையும் கோடும் தண்ணீரைச் சற்று வேகமாக வெளியேற்றும் என்பது உண்மை. அந்த அளவுக்கான பலனை, அடைமழையில் அவ்வப்போது பெடலை லேசாகத் தொட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டே போனால் செலவில்லாமல் பெறலாம்.

வாங்க வேண்டியது: நல்ல நிறுவனத்தின் சாதா வென்டிலேட்டட் டிஸ்க். ஹை-கார்பன் இரும்பு கிடைத்தால் எடுங்கள். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். நடுப்பகுதியிலும் ஓரத்திலும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளது சென்னை போன்ற கடற்கரை ஊர்களுக்கு நல்லது. உரசும் முகத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் படியும் சிவப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம். நாலு பிரேக்கில் போய்விடும்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டக்கூடாது. ஸ்டீயரிங் ஆடுகிறது என்று லேத்தில் கொடுத்து மீண்டும் மீண்டும் சீவுபவர்கள், ஒவ்வொரு முறையும் சூடு தாங்கும் இரும்பைத்தான் சீவி எறிகிறார்கள்.

பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் என்று போக நினைப்பவர்களுக்கு: முன்னால் மட்டும் பிடி கூடினால், கம்பெனி கணக்கிட்டு வைத்த முன்-பின் சமநிலை குலையும். சக்கரத்துக்குள் இடம் பிரச்சினை வரும். தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் மறக்க வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் அதை மறக்க மாட்டார். அதே அளவில் பேடும் டிஸ்க்கும் மாற்றுவது சாதாரண சர்வீஸ் வேலை.

பிரேக் ஆயில்: மிகக் குறைந்த செலவு, மிகப் பெரிய பலன்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவு இது: டாட் 3 புதிதாக 205 டிகிரி, ஈரமேறியபின் 140. டாட் 4 புதிதாக 230, ஈரமேறியபின் 155. டாட் 5.1 புதிதாக 260, ஈரமேறியபின் 180. அதாவது நான்கு வருடமாக மாற்றாத டாட் 4, இன்று ஊற்றிய டாட் 3-ஐவிட மோசமாக இருக்கலாம்.

ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம். மலை ஓட்டம் அதிகமிருந்தால் வருடாவருடம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஈரம் அளக்கும் பேனா பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில்கள் புதிதாக 312 டிகிரி தாங்கும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும்; சாலைக்காருக்கு நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 போதும். டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிகான் வகை. 5.1-க்கும் அதற்கும் உறவில்லை, கலக்கவே கூடாது.

கம்பெனி பேடையே வைத்துக்கொண்டு, பழைய ஆயிலை வெளியேற்றி, சுத்தமாக ஏர் எடுத்துப் புதிய டாட் 4 ஊற்றியதும் பெடல் மேலே வந்து கெட்டியானது. பல பேர் ‘அப்கிரேடு’ என்று தேடுவது இந்த உணர்வைத்தான்.

மாட்டுவதும் பழக்குவதும்

நல்ல பேடைக் கெடுப்பது பெரும்பாலும் அவசர வேலைதான். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துரும்பு, வெளி ஓரத்தில் பெரிய ஆட்டமாக மாறும். காலிப்பரின் ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து, அதற்கான சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். பின் இறுகியிருந்தால் ஒரு பக்க பேடு மட்டும் தேயும். புது டிஸ்க்கில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே பேடு பாழ். பின் டிரம்மையும் திறந்து ஷூவைப் பார்த்துவிடுங்கள். முன்பக்கத்தை மட்டும் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

வீல் போல்ட்டை நியூமேட்டிக் கன் வைத்து ‘டர்ர்ர்’ என்று இறுக்க விடாதீர்கள். ஒன்று கூடுதலாக, ஒன்று குறைவாக இறுகினால் டிஸ்க் நேராக உட்காராது. டார்க் ரெஞ்ச் கேளுங்கள்; கையேட்டில் உள்ள அளவைச் சொல்லுங்கள்.

அடுத்தது பழக்குவது. புது தோசைக்கல்லில் முதல் தோசை வராதது போல, புது பேடும் புது டிஸ்க்கும் முதல் நாளே சேராது. பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராக ஏற வேண்டும். ஆளில்லாத சாலையில் 80-லிருந்து 20 வரை, மிதமான அழுத்தத்தில், எட்டுப் பத்து முறை. நடுவில் முழுதாக நிறுத்தக்கூடாது. சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் திட்டு ஒட்டும். முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்கள். பேடு தயாரிப்பாளர் தனியாக முறை கொடுத்திருந்தால் அதுவே முதன்மை.

மலையில் கால் என்ன செய்ய வேண்டும்

லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் ஓட்டுநர்கள் சொல்வது ஒரே வரி: “ஏறுன கியர்லயே எறங்குங்க தம்பி, பிரேக்கு வளைவுக்கு மட்டும்தான்.” மேலே போட்ட வெப்பக் கணக்குக்கு இதைவிட நல்ல விடை இல்லை. தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன் உறுதியாக மிதித்து, பிறகு முழுதாக விட்டுவிடுவது நல்லது. விட்ட நேரத்தில் டிஸ்க் ஆறும். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கோ கீழ் கியருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் இறங்குவது தற்கொலை. இன்ஜினை அணைத்து இறங்கினால் பிரேக் பூஸ்டரின் வாக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்.

அடிவாரத்தில் புகையும் சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்றுபவர்களைப் பார்க்கலாம். சூடான வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடும். மெதுவாக ஓட்டியே ஆற வையுங்கள். நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் வேண்டாம், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

தீர்ப்பு

ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓட்டுபவர், எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், கம்பெனி பேடு, புது பிரேக் ஆயில், நல்ல டயர் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அலாய் வீல் கறுப்பதுதான் கவலை என்றால் செராமிக்.

மாதா மாதம் ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று கிளம்புபவருக்கு: முதலில் ஆயில், அடுத்து ஆர்90 சான்றுள்ள செமி-மெட்டாலிக் பேடு, அதோடு சாதா ஹை-கார்பன் டிஸ்க். இந்த வரிசையிலேயே வாங்குங்கள். பேடு மாற்றும்போது டிஸ்க் தடிமன் போதுமானதாகவும் முகம் சீராகவும் இருந்தால் டிஸ்க்கை அடுத்த முறைக்குத் தள்ளிப்போடலாம். ஆயிலைத் தள்ளிப்போட முடியாது.

டிராக்குக்கும் போகிறவர் இரண்டு செட் பேடு வைத்துக்கொள்ள வேண்டும். டிராக்கில் போட்டதைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒரே பேடு இரண்டுக்கும் போதும் என்று சொல்லும் விற்பனையாளரிடம், அந்தப் பேடின் வேலை எத்தனை டிகிரியில் தொடங்குகிறது என்று கேளுங்கள். எத்தனை டிகிரியில் முடிகிறது என்பதை மட்டும் சொன்னால், வாங்காமல் வந்துவிடுங்கள்.